ஐந்நூற்றுப் பதினேழு நானோமீட்டர்

கிருஷ்ணகிரியில் இன்று பதினொன்றுக்குக் கரண்ட் போகும்.
அதற்குள் முடித்தாக வேண்டும்.

டி.பி.பி.ஹெச். பொடி மெத்தனாலில் கரைந்தால்
கத்திரிப்பூ நிறம்.
ஒவ்வொரு மூலக்கூறும் ஓர் எலக்ட்ரானுக்கு
ஜோடியில்லாமல் நிற்பதால் வந்த நிறம்.
யாராவது ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தால்
மஞ்சளாகி அடங்கிவிடும்.
கொடுப்பாயா என்று வெட்பாலை இலையைக் கேட்பதுதான்
மூன்று வருஷமாக என் வேலை.

இப்போது குழாய்கள் அலமாரிக்குள்.
அரைமணி இருட்டு.
அந்த அரைமணியில் இதை எழுதுகிறேன்.

முதல் மூட்டை பழையபேட்டை மருந்துக்கடையில் வாங்கியது.
மூன்று முறை செய்தேன், மூன்றும் மூன்று விதம்.
கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் திட்டுவது அப்படித்தான்.
தாவரவியல் துறை லகுமய்யா சார்
சருகை ஊறவைத்து விரித்துப் பார்த்துச் சொன்னார்:
"பாதி குடசப்பாலைம்மா.
பேர்ல பாலை இருக்கு, அவ்வளவுதான்."

அதனால் ராயக்கோட்டைப் பாறைக்குப் போனேன்.
மாம்பழக்கூழ் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்த திம்மராயன்
தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்டினான்.
பாறை வெடித்த இடத்தில் நின்றது மரம்.
காய்கள் இரண்டிரண்டாக,
காம்பில் பிறந்து, விலகி வளைந்து,
நுனியில் மறுபடி ஒட்டிக்கொண்டு.
இதுதான் அடையாளம் என்றேன்.
"சண்டை போட்ட புருசன் பொண்டாட்டி" என்றான்.
திரும்பும் வழியெல்லாம் ஆலைக் கதை.
கூழ் காற்றுப்பட்டால் கறுக்குமாம்,
ஒரு வெள்ளைப்பொடி போடுவார்களாம்.
என்ன பொடி?
"தெரியாது. புளிக்கும்."
அஸ்கார்பிக் அமிலம்.
என் அலமாரியில் அதற்கும் ஒரு குழாய் உண்டு.
இலை எவ்வளவு தேறும் என்று
அதன் பக்கத்தில் நிறுத்தித்தான் அளப்போம்.

இலையில் இருப்பதில் எனக்கு ருட்டினைப் பிடிக்கும்.
கொடுத்தபின் அதுவும் ஒற்றையாகத்தான் நிற்கிறது,
ஆனால் வெறிபிடித்து அடுத்தவரைப் பறிப்பதில்லை.
குறையைத் தன் வளையம் முழுக்கப் பரப்பிக்கொள்கிறது.
காவேரிப்பட்டணத்தில் அம்மாவின் மகளிர் குழுவில்
சின்னபாப்பா தவணை கட்டாத வாரம்
மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு நாற்பது ரூபாய் போட்டார்கள்.
யாரும் உடைந்துவிடவில்லை.
பேங்க்காரருக்கு வித்தியாசமே தெரியவில்லை.
வைவாவில் இதைச் சொல்ல முடியாது.
உடனிசைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல முடியாது.
ஹாஸ்டல் மொட்டை மாடியில்
தேங்காயெண்ணெயில் கிள்ளிப் போட்ட இதே இலை
வெயில் ஏற ஏற
ஊதாவாகிக்கொண்டிருக்கிறது.
இங்கே ஊதாவை அழிக்கும் இலை
அங்கே ஊதாவை ஊறவைக்கிறது.
முரண் ஒன்றுமில்லை, வேறு மூலக்கூறு, வேறு கணக்கு.
ராத்திரி தாழிட்டுக்கொண்டு
முழுக்கையைச் சுருட்டி
முழங்கையில் செதில் உதிரும் இடத்தில் தடவுகிறேன்.
ஏழு வருஷப் படை.
சில வாரம் தணிகிறது. சில வாரம் இல்லை.
மூன்று முறை செய்து சராசரி எடுக்க
எனக்கு ஒரே தோல்தான்.
ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே என்று
இடது கையைத் தடவாமல் விட்டேன், பத்து நாள்.
பிறகு வெட்கமாக இருந்தது,
இடது கையிடம்.

பத்து ஐம்பது.
அட்டெண்டர் முனிரத்தினம் அலமாரியைத் திறந்து
குழாயை ஜன்னலுக்குத் தூக்கிப் பார்க்கிறார்.
"மஞ்சளாயிடுச்சு மேடம், எழுதிக்கங்க."
ஐந்நூற்றுப் பதினேழில் வைத்துப் படிக்கிறேன்.
0.212.
0.209.
0.214.
ராயக்கோட்டை இலை
மூன்று முறையும் ஒரே பேச்சுப் பேசுகிறது.
நோட்டில் எழுதுகிறேன்: நல்ல செயல்திறன், சோதனைக்குழாயில்.
கடைசி வார்த்தைக்கு அடியில் கோடு போடுகிறேன்.

இலை சேராத குழாய் ஒன்று
ஓரத்தில் இன்னும் கத்திரிப்பூவாக.
கொட்டிக் கழுவ முனிரத்தினம் கை நீட்டுகிறார்.

இருக்கட்டும் அண்ணே,
கரண்ட் போகிறவரைக்கும்.